மாறிலிகளும் நியாஸ் சாரும்

நியாஸ் சார் ஃபோனில் வந்துவிட்டால் என் மனைவி ஐரினுக்குச் சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை. இருவரும் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறார்கள். காலையில் ஒரே கல்லூரிப் பேருந்து, சாயங்காலமும் அதே பேருந்து. அது போதாதென்று வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சு. காதல் பேச்சா என்றால் அதுவும் இல்லை. ஒளியின் வேகம் மாதிரி என்றும் மாறாத எண்கள், அவர்கள் பாஷையில் மாறிலிகள், இயற்கை போட்ட எல்லையா, நாம் எழுதிய சமன்பாடு முட்டி நிற்கிற இடமா என்று வாக்குவாதம். காதல் பேச்சாக இருந்தால் கையும் களவுமாகப் பிடித்துச் சண்டையாவது போட்டிருப்பேன். இதற்கு என்னவென்று சண்டை போடுவது?

எனக்கு வயிறு எரிந்தது. நாகல் நகரில் கிளெமென்ட் பெயிண்ட்ஸ் என்று என் பெயரிலேயே கடை வைத்திருக்கிறேன். என்னிடம் அவள் பேசுவது கேஸ் புக் பண்ணியாச்சா என்பதோடு சரி. அவனிடம் பேசும்போது கண் விரிகிறது, கை ஆடுகிறது, சிரிப்பு வேறு. அந்த முகத்தைக் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை. அது எனக்கும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் துணிந்து கேட்டேன். "ஏன் ஐரின், மாறிலி மாறிலின்னு பேசுறீங்களே, அது இயற்கையோட எல்லையா, உங்க கணக்கோட எல்லையா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நெசமாத்தான் கேக்குறீங்களா?"

"ஆமா, சொல்லு."

"ஒளியோட வேகத்துக்கு நாம சொல்ற நம்பர் மீட்டர், செகண்டை வச்சு வந்தது. அளவை மாத்துனா நம்பரும் மாறிரும். ஆனா கிட்டத்தட்ட நூத்தி முப்பத்தேழுல ஒரு பங்குன்னு ஒரு நம்பர் இருக்குங்க. அதுக்கு அலகே கெடையாது. எதை வச்சு அளந்தாலும் அதேதான். ஏன் அம்புட்டுன்னு எந்தக் கோட்பாடும் சொல்லல. அளந்து பாத்து நாமளே சமன்பாட்டுக்குள்ள போட்டுக்கிறோம். உங்க கடையில கலர் கலக்கும்போது கம்பெனி குடுத்த அளவத்தான ஊத்துறீங்க? ஏன் அந்த அளவுன்னு உங்களுக்குத் தெரியுமா? அது கலரோட குணமா, நமக்கு வெவரம் தெரியாததா? அதாங்க கேள்வியே!"

கண் விரிந்திருந்தது. கை ஆடியது. அந்த முகம் இப்போது என் எதிரில், எனக்காக. என் கடைகூட அதற்குள் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இந்தப் பெயிண்ட் கதைய நியாஸ்கிட்டயும் சொன்னியா?"

அவள் முகம் வாடிவிட்டது.

"சொன்னேன். எங்க வீட்டுக்காரர் கடையில பாத்ததுன்னு பெருமையாத்தான் சொன்னேன்."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"'அப்புறம்? மேல சொல்லுங்க'ன்னு ஆசையா கேட்டாரு."