ஒஸோண்டுவின் மகள்

எங்கள் பாஷையில் சொல் செய்ய ஆசாரி வேண்டாம், வாய் இருந்தால் போதும். 'கொன்றவள்' என்பதற்கு 'ஒக்பு', கணவனுக்கு 'டி'. என் ஓரகத்தி எக்கெம்மா இரண்டையும் ஒட்டினாள். நான் 'ஒக்புடி' ஆனேன். என் கணவர் காய்ச்சலில் செத்தார். அதை யார் கேட்டார்கள்? நான் சந்தைக்குப் போவதற்குள் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருக்கும். அதைக்கூடப் பொறுத்தேன். பள்ளியில் என் பெண்ணை 'ஒக்புடி மகள்' என்றார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். அவள் கூப்பிட்டால் திரும்புவதையே விட்டுவிட்டாள்.

நான் கேகே ஓட்டுகிறேன், மூன்று சக்கர வண்டி. இந்த வருஷ மழைக்காலத்தில் எக்கெம்மாவின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, அந்தச் சேற்றில் வேறு எந்த வண்டியும் வர மறுத்தது. நான் போனேன். பாதி வழியில், என் பின்சீட்டிலேயே குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு உயிரும் பிழைத்தன.

ஆகஸ்டில் ஊர் மருமகள்கள் எல்லோரும் எங்கிருந்தாலும் வந்து கூடுவோம். ஒருத்தி எழுந்து வணக்கம் சொன்னால், மற்றவர்கள் அவளுடைய புகழ்ப்பெயரைச் சொல்லி வாழ்த்த வேண்டும். வாழ்த்தியவளுக்கு அவளும் ஒரு பெயர் தர வேண்டும். நான் எழுந்தால் மட்டும் எல்லோருக்கும் இருமல் வரும். இந்த வருஷமும் வந்தது.

எக்கெம்மா எழுந்தாள். "இவ பேரு நான் வச்சது. வச்ச வாயே எடுக்குது."

"வேற என்னக்கா வைக்கப் போற, டிரைவரம்மான்னா?" என்றாள் ஒருத்தி. சிரிப்பு.

"வாய மூடுடீ. எம் பேத்தி மூச்சு விடுறது இவளால. உயிரைக் காத்தவ இவ. ஒஸோண்டு. எங்க, எல்லாரும் சொல்லுங்க."

தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். பிறகு கூரை அதிரச் சொன்னார்கள்.

இனி நான் தர வேண்டும். அவளுக்கென்றே ஒரு சொல்லைப் பல வருஷமாகத் தீட்டி வைத்திருந்தேன். நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன். "நுவன்னெதிம்மா" என்றேன். கூடப் பிறந்தவள் இருப்பது நல்லது என்று அர்த்தம்.

"போதும்டீ, உக்காரு. நன்றி சொல்ல வந்தவளையே அழ வைக்கிறியே" என்றாள்.

அவள் நன்றாயிருக்கட்டும். மனதாரச் சொல்கிறேன்.

வெளியே என் மகள் தண்ணீர்ப் பாக்கெட் விற்றுக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து வந்த ஒருத்தி, "ஒஸோண்டு மகளே, ரெண்டு தண்ணி குடு" என்றாள்.

என் பெண் திரும்பினாள். "இதோ வந்துட்டேன்" என்றாள்.