கரண்டு போனால் வந்து விழும் அடி

சுகுமாறன் வீட்டை விட்டு ஓடி மூன்று வருஷம் ஆகியும், அவன் அடிக்கிற அடி மட்டும் லீலாவதிக்குத் தவறாமல் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. முதல் அறை, பாசிர் பெனம்பாங் மீன் கொட்டகையில் அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது விழுந்தது. அடித்த ஆளே அங்கே இல்லை. இடது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தன, கூடவே ஒரு மோதிரத்தின் தடமும். கல்யாணத்தில் அவள் அப்பா போட்ட மோதிரம் அது. அடுத்த மாதம் ஒரு உதை வந்து அவளைத் தூக்கி ஐஸ் தொட்டிக்குள் எறிந்தது. கூட வேலை செய்த பெண்கள் முதலில் அலறினார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். "என்னக்கா, வீட்டுக்காரரு வந்துட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டபடியே ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுப்பார்கள். ஒருமுறை மூக்குத்தி சதைக்குள் இறங்கி மூக்கைக் கிழித்துவிட்டதால், அதைக் கழற்றிச் சோப்பு டப்பாவில் போட்டுவைத்தாள். கொட்டகை முதலாளியான தவுக்கேக்கு மட்டும் வேறு பயம். தான்தான் அடிப்பதாக லேபர் ஆபீஸில் எவளாவது சொல்லிவிட்டால்? அதனால் அவள் அடிபடும் காட்சியை எல்லாம் சுவர்க் கேமராவிலிருந்து எடுத்து அழியாமல் வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றின் மூலையிலும் தேதியும் மணியும் ஓடிக்கொண்டிருந்தன.

போலீஸில், அடித்தவன் விலாசத்தைக் கேட்டார்கள். அவளுக்குத் தெரியாததே அதுதான். கிளினிக் டாக்டர் ஒவ்வொரு தடவையும் 'வழுக்கி விழுந்தது' என்று எழுதினார். விலா எலும்பு முறிந்து மண்ணீரல் வீங்கியபோது மட்டும் பேனாவை மூடிவிட்டு, அதே இடத்தில் இன்னொரு உதை விழுந்தால் ஆள் தங்காது என்றார். அன்றைக்கே லீலாவதி பஸ் ஏறி, கோலாசிலாங்கூர் டவுனில் உமாபதியின் ஆபீஸ் படி ஏறினாள்.

உமாபதி தனியார் துப்பறிவாளர். அதற்கு முன்னால் தவணை கட்டாதவர்களின் காரை இழுத்து வந்து பிழைத்தவர். ஆளைத் தேடி அலைகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஊருக்கே திறந்து கிடக்கிற தகவல்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று உரசவிட்டு, எங்கே பொறி பறக்கிறது என்று பார்ப்பார். பத்து வருஷம் ஒளிந்திருந்த ஒருவனை, அவன் போட்ட 'நாயைக் காணோம்' விளம்பரத்தில் பிடித்திருக்கிறார். "பேர மாத்திடுவானுங்கமா, பழக்கத்த மாத்தத்தான் சோம்பேறித்தனம்" என்பார். சுகுமாறனின் அடையாள எண்ணைத் தட்டிப் பார்த்தார். வாக்காளர் பதிவு இன்னும் அவனைப் புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலேயே குடிவைத்திருந்தது. வண்டிச் சம்மன் ஒன்றும் இல்லை.

"ஆளு இல்லாம அடி மட்டும் தானா வருதுன்னா எப்படிமா..." என்று அவர் ஆரம்பித்தபோது, அடி வந்தது. லீலாவதி நாற்காலியோடு சுவரில் போய் மோதினாள். ஒரு பல் தெறித்துக் கீபோர்டின் மேல் விழுந்தது. உமாபதி அதை எடுத்து டிஷ்யூவில் மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு, கீபோர்டைத் துடைத்தார். அதற்கு மேல் அவர் சந்தேகப்படவில்லை.

"எதுக்குத்தான் அடிப்பான்?"

"காரணம்னு ஒன்னும் இல்லண்ணே. வெக்கை தாங்கமாட்டாரு. லயத்துல கரண்டு போயி காத்தாடி நின்னுச்சுன்னா கை எழும்பிடும். திரும்பக் கரண்டு வர்ற வரைக்கும் அவரால நிறுத்தவும் முடியாது. வந்துருச்சுன்னா தலைய வாரிக்கிட்டு சாப்பிட உட்காந்துருவாரு."

உமாபதி அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு மின்சாரத் தடை விவரங்களைத் திறந்தார். அந்த நிமிஷம் சிலாங்கூர் வடக்கில் எங்கெல்லாம் கரண்டு இல்லையோ அந்த ஊர்களெல்லாம் சிவப்பாக எரிந்தன: ராவாங்கில் இரண்டு தாமான் குடியிருப்புகள், உலு யாம், சுங்கை பெசார். தவுக்கேயிடம் கேமராப் படங்களை வாங்கினார். தவுக்கே ஒரு ரிங்கிட்கூடக் கேட்கவில்லை, சனியன் தொலைந்தால் போதும் என்றார். உமாபதி அடி விழுந்த நேரத்தையும் கரண்டு போன நேரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கப் பார்க்க, ஊர்கள் உதிர்ந்துகொண்டே வந்தன. ராவாங்கில் கரண்டு இருந்த நாளில் ஒரு உதை விழுந்திருந்தது. உலு யாம் ஒரு குத்தில் கழன்றுகொண்டது. கடைசியில் சுங்கை பெசாரில், வயலை ஒட்டிய ஒரே ஒரு தாமான் மிஞ்சியது.

வெக்கை தாங்காதவன் அங்கே என்ன செய்வான்? உமாபதி பழைய சாமான் விற்கும் இணையதளத்துக்குப் போனார். அந்தத் தாமானிலிருந்து ஒருவன், பழைய ஜெனரேட்டர் வேண்டும் என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான். பெயர் ராஜ் என்றிருந்தது. போன் போட்டு, நல்ல சாமான் இருக்கிறது, வீட்டிலேயே இறக்கித் தருகிறேன் என்றார். ஆள் உடனே விலாசத்தை அனுப்பினான்.

"பிடிச்சாச்சும்மா. திங்கக்கிழமை விலாசத்தைப் போலீஸ்ல குடுத்துருவோம். ஆனா ஒன்னு..." உமாபதி தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமை காலையில அந்தத் தாமான்ல கேபிள் மாத்துறானுங்க. மத்தியானம் வரைக்கும் கரண்டு இல்ல. உங்களுக்கு அடி வரும்னு நோட்டீஸே போட்டுட்டானுங்க."

லீலாவதி விலாவை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "அப்ப திங்கக்கிழமைக்கு நான் இருக்கமாட்டேன்லா. சனிக்கிழமையே போவோம்."

சனிக்கிழமை, ஓடாத ஜெனரேட்டர் ஒன்றை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லீலாவதி லோரிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். சுகுமாறன் தொந்தி வைத்திருந்தான். மோதிரம் விரலில் புதைந்திருந்தது. வாசலில் நின்ற புஷ்பாதான் இப்போது அவனோடு இருப்பவள். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. சுகுமாறன் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தான். அது இருமியது, அவ்வளவுதான். அதே நேரம் கரண்டு போய், உள்ளே காத்தாடி நின்றது. அவன் திரும்பி, புஷ்பாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். அவள் தலைகூடத் திரும்பவில்லை. லோரிக்குள் லீலாவதியின் உதடு பிளந்தது.

"பயப்படாதீங்கண்ணே" என்றாள் புஷ்பா, உமாபதியிடம். "இவரு அடிச்சா பஞ்சால ஒத்துன மாதிரிதான் இருக்கும். கையில பலமே கிடையாது."

அது அவனை இன்னும் கிளப்பியது. அவன் அடிக்க அடிக்க, லோரிக் கண்ணாடியில் ரத்தம் தெறித்தது. லீலாவதி கதவைத் திறந்து இறங்கினாள். பின்னால் போய், இரண்டு கையாலும் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். முறிந்த விலாவை அவன் முதுகோடு அழுத்தினாள். அவன் வலது தோளின் மேல் தலையை நீட்டி, இடது கன்னத்தை அவன் கன்னத்தோடு ஒட்டவைத்தாள். அவன் திமிறிக்கொண்டே எதிரில் இருந்தவளை அறைந்தான். லீலாவதியைத் தேடி வந்த அடிக்கு நடுவில் அவன் தாடை இருந்தது. அது உடைந்தது.

புஷ்பா அவன் தொங்கிப்போன தாடையைப் பார்த்தாள். அப்புறம் அவன் தோளுக்கு மேல் தெரிந்த முகத்தைப் பார்த்தாள்: கிழிந்த மூக்கு, கன்னத்தில் தனக்குத் தெரிந்த அதே மோதிரத்தின் தழும்பு. மூன்று வருஷமாகத் தன் மேல் விழுந்த பஞ்செல்லாம் எங்கே போயிற்று என்று அவளுக்குப் புரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு அடி முன்னால் வந்து நின்றாள்.

"அடிய்யா. நிறுத்தாத. ஆம்பளதானே நீ?"

அவன் நிறுத்தவில்லை, நிறுத்த முடியவும் இல்லை. கரண்டு வரவேண்டும். புஷ்பாவின் வயிற்றில் குத்தினான், அவன் முதுகெலும்பு முறிந்தது. விலாவில் உதைத்தான், அவனுடைய விலா எலும்புகள் உள்ளே நொறுங்கின. எதிர்வீட்டார் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவன் தன்னைத்தானே அடித்துக் கொல்வதை எப்படித் தடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. லீலாவதி பிடியைத் தளர்த்தவே இல்லை. கேபிள் வேலை முடிவதற்கு வெகு நேரம் முன்பே அவன் அவள் கைக்குள் கனத்துப் போனான். காத்தாடி திரும்பச் சுற்றியபோது தலைவாரி, சாப்பிட உட்கார அவன் இல்லை.

போலீஸ், பார்த்தவர்கள் எல்லாரிடமும் கேட்டது. எல்லாரும் பார்த்ததையே சொன்னார்கள். டாக்டர் பிணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'வழுக்கி விழுந்தது' என்று எழுதினார்.

அதன் பிறகு உமாபதியின் ஆபீஸுக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு மழை நாளில் சூடு விழுந்தது, இன்னொருத்திக்குப் பந்தாட்டம் முடிந்த இரவுகளில் கழுத்து நெரிபட்டது. அவர் மழை விவரங்களையும் ஆட்ட முடிவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புஷ்பா இறால் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். போன மாதம் அங்கே கரண்டு போனது. எல்லாருடைய கையும் நின்று, கண்கள் லீலாவதியின் மேல் திரும்பின. அவள் உரித்த இறாலைக் கூடையில் போட்டாள். மூக்கின் பழைய தழும்புக்குப் பக்கத்தில் புதிதாகக் குத்தியிருந்த மூக்குத்தி, கழற்றப்படாமல் அப்படியே இருந்தது.

"என்ன பாக்குறீங்க? வெக்கையா இருக்கு, சன்னல திறங்கடி" என்றாள்.