பத்து வயதைத் தாண்டிய வண்டி

"வண்டிக்கு என்ன வயசு மேடம்?" என்று கேட்டாள் முகாம் வாசலில் நின்ற பெண்.

"இருபத்தாறு. ஓட்டுறவளுக்கு எழுபத்தொண்ணு. ரெண்டையும் எழுதிக்கோ" என்றாள் ஆர்டிஸ்.

மினசோட்டாவில் பனி கொட்ட ஆரம்பித்ததும் கிளம்பியவள், முதுகெலும்பு கழன்றுவிடும்போல ஓட்டி, டெக்சஸ் கடற்கரைக்கு அன்று மதியம்தான் வந்து சேர்ந்திருந்தாள். பல வருடங்களாக அவளுக்குக் குளிர்காலம் என்றால் வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்குகிற இந்த முகாம்தான். வடக்கே உறைந்துபோகிற ஊர்க்காரர்களில் பாதிப் பேர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு இப்படித்தான் தெற்கே இறங்குவார்கள். பெரும்பாலானவர்களுக்கு வடக்கே திரும்பிப் போக ஒரு நிஜ வீடு இருக்கும். ஆர்டிஸுக்கு அது கிடையாது. அதை விற்றாகிவிட்டது. கெர்ட்டி என்று அவள் பெயர் வைத்திருந்த அந்த வண்டிதான் வீடு, அடுப்படி, படுக்கையறை, முகவரி எல்லாம். விவாகரத்தில் புருஷனை விட்டுக்கொடுத்தாள், கெர்ட்டியை விட்டுக்கொடுக்கவில்லை.

"சாரி மேடம்" என்றாள் அந்தப் பெண். பெயர் ப்ரென்லி என்று சட்டையில் குத்தியிருந்தது. "பத்து வருஷத்துக்கு மேலான வண்டிய உள்ள விடுறதில்ல. புது முதலாளிங்க போட்ட ரூல்."

"வந்து பாரு. எங்கயாவது துரு இருக்கா? ஒழுகுதா? ஆறு டயரும் புதுசு."

"வண்டி நல்லாத்தான் மேடம் இருக்கு. ஆனா பாத்தா பழசுன்னு தெரியுது. இவ்வளவு காசு குடுத்துத் தங்குறவங்க கண்ணுக்கு..."

"நானும் அதே காசுதானே குடுக்கப்போறேன்?"

ப்ரென்லி சிரித்தாள். கோடையில் கைமாறிய முகாமின் பெயர்ப்பலகையில் 'ரிசார்ட்' என்று ஒரு சொல் புதிதாகச் சேர்ந்திருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக மாத வாடகை ஒன்றுக்கு இரண்டாக ஏறியிருந்தது. அதையும் கொடுக்கத்தான் ஆர்டிஸ் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி வந்திருந்தாள். நீச்சல்குளத்துக்காக அல்ல, மார்லிஸும் லவோனும் உள்ளே இருக்கிறார்கள் என்பதற்காக. மாலை நாலு மணி ஆனால் ஆளுக்கொரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, சீட்டாடி, வம்பு பேசி, ஒருத்தியை ஒருத்தி காலை வாருவார்கள். அந்த நாலு மாதப் பேச்சைத்தான் ஆர்டிஸ் மிச்ச எட்டு மாதமும் அசைபோடுவாள். அது இல்லாவிட்டால் கெர்ட்டி வெறும் தகரப் பெட்டிதான்.

விஷயம் கேள்விப்பட்டு மார்லிஸ் மூச்சு வாங்க ஓடிவந்தாள். தங்கமானவள். யார் மனதையும் நோகடிக்கக் கூடாது என்று எதையும் சொல்லாமல் விட்டுவிடுகிற தங்கம். மூவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடமாக முன்பதிவு செய்தது அவள்தான்.

"நான் அவங்ககிட்ட கேட்டுப் பாத்தேன்டி ஆர்டிஸ். கெஞ்சிப் பாத்தேன்."

"எப்போ?"

"ஆகஸ்ட்டுல."

"இப்போ நவம்பர் மார்லிஸ்."

"நீ கெர்ட்டிய அவ்வளவு பளபளன்னு வச்சிருக்க. யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். ஓரின்கூட சொல்றார், புதுசா ஒண்ணு தவணையில வாங்கிடலாமாம். பதினஞ்சு வருஷத் தவணை, மாசாமாசம் கொஞ்சமாத்தான் வருமாம்."

ஓரின் அவள் புருஷன். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு தவணை இருக்கும்.

"கடைசித் தவணை கட்டுறப்ப எனக்கு எண்பத்தாறு" என்றாள் ஆர்டிஸ். "வண்டிக்குப் பதினஞ்சு. மறுபடியும் இதே வாசல்ல வந்து இந்தப் புள்ளகிட்ட திட்டு வாங்கணும்."

பின்னாலேயே நிதானமாக நடந்துவந்த லவோன் கெர்ட்டியைச் சுற்றி ஒரு பார்வை விட்டாள். விஸ்கான்சின்காரி. வாயைத் திறந்தாலே சண்டை. "எனக்கு இது தெரியவே தெரியாது" என்றாள். "தெரிஞ்சிருந்தா ஆகஸ்ட்டுலயே போன் போட்டு உன்னைக் கேலி பண்ணியிருப்பேன். இப்படியா ஒரு நல்ல சான்ஸை வீணடிப்பா இவ."

அது உண்மை என்று ஆர்டிஸுக்குத் தெரியும்.

ப்ரென்லி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு முகாம் இருக்கிறது, வயது கேட்கமாட்டார்கள், தண்ணீர் நன்றாக இருக்கும், வாடகையும் மலிவு என்று வழியும் சொன்னாள். ஆர்டிஸ் அங்கே ஏற்கெனவே ஒரு ராத்திரி தங்கியிருக்கிறாள். லாரிச் சத்தத்தில் கட்டில் நடுங்கும். பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் கிடையாது. காசு மிச்சமாகும், அவ்வளவுதான்.

அவள் வண்டியைத் திருப்பி ரிசார்ட்டின் வேலியை ஒட்டியே கொஞ்ச தூரம் ஓட்டினாள். வேலி முடிகிற இடத்தில் சூய் கண்ட்டூவின் தூண்டில் கடை. கடைக்குப் பின்னால் சிப்பி ஓடு கொட்டிய ஒரு வெற்றிடம். அதில் நாலு வண்டி நிற்கலாம், ஆனால் ஒன்றும் நிற்கவில்லை. ஏன் என்று இறங்கியதுமே மூக்கு சொல்லிவிட்டது. சூய் விற்பது தூண்டிலில் குத்துகிற இறால். கெட்டுப்போன இறாலை எறிகிற பீப்பாய் அந்த இடத்துக்குக் காற்று வருகிற பக்கம் இருந்தது.

"தண்ணி கொஞ்சம் அழுகின முட்ட வாசம் வரும்மா" என்றான் சூய், மறைக்காமல். "குடிச்சா ஒண்ணும் ஆகாது. கரண்ட் முப்பது ஆம்ப்தான். என் ஐஸ்பெட்டி ஓட ஆரம்பிச்சா உங்க லைட்டு மங்கும். அப்ப காபி மெஷினப் போட்டுறாதீங்க."

"மாசம் எவ்வளவு?"

"முந்நூறு."

"ரூல் ஏதாவது வச்சிருக்கியா?"

அவன் யோசித்தான். "மீன் கழுவினா கொடலப் பூனைக்குப் போட்டுருங்க. தொட்டியில போட்டா நாறும்."

இதற்கு மேலா நாறும் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அவள் வேலியைப் பார்த்துவிட்டாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி, லவோனின் வண்டி நின்றது. பஸ் நீளம், மூன்றே வயது, உள்ளே மின்சாரத்தில் எரிகிற பொய்க் கணப்பு அடுப்புகூட உண்டு. முதல் தரமான தண்ணீரா, முதல் தரமான நாலு மணியா என்று கேட்டால் ஆர்டிஸ் எதை எடுப்பாள்? முந்நூறு டாலரை அங்கேயே எண்ணிக் கொடுத்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ரிசார்ட் வாசலுக்குப் போனாள். வெளியாள் உள்ளே வர ஒரு நாளைக்குப் பத்து டாலர் என்றாள் ப்ரென்லி.

"என் சிநேகிதிகளப் பாக்க நான் டிக்கெட் வாங்கணுமா? இதென்ன மிருகக்காட்சி சாலையா?"

"குளத்தையும் யூஸ் பண்ணிக்கலாம் மேடம்."

ஆர்டிஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்து டாலர் அவளிடம் இல்லாமல் இல்லை. செத்தாலும் கொடுக்கமாட்டாள். விறுவிறுவென்று திரும்பி வந்து, மடக்கு மேசையை வேலியில் முட்டிக்கொள்கிற மாதிரி போட்டு, "லவோன், உன் மேசைய இழு" என்று கத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு மேசை வந்து வேலியில் முட்டியது. நடுவில் கம்பி வலை. சீட்டைச் சுருட்டிக் கம்பி ஓட்டை வழியாக நீட்டினார்கள். சீட்டெல்லாம் நாலு நாளில் வளைந்துபோயிற்று.

"வளைஞ்ச சீட்ட வச்சுக் கள்ள ஆட்டம் ஆடுற நீ" என்பாள் லவோன்.

"உன் கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி மாத்து. வண்டிய மட்டும் மாத்தினா போதுமா?"

"என் வண்டி மேல உனக்கு வயித்தெரிச்சல்."

"ஆமா, அந்தப் பொய் நெருப்ப நெனச்சு நெனச்சு உருகிட்டிருக்கேன்."

வேலியோரம் சிரிப்புச் சத்தம் அலைமோதும். மார்லிஸ் முதல் இரண்டு வாரம் தவறாமல் வந்தாள். ஒரு தட்டு நிறைய இனிப்பு செய்து, எக்கி நின்று வேலிக்கு மேலே நீட்டுவாள். பிறகு ஒருநாள் நீச்சல்குளத்தில் உடற்பயிற்சி வகுப்பு என்றாள். அப்புறம் ஓரினுக்கு அந்த இறால் நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். "இவ்வளவு காசு குடுத்திருக்கோம் ஆர்டிஸ், ஒண்ணையும் அனுபவிக்கலன்னா எப்படி?" என்று கடைசியாகக் கேட்டாள். அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் ஆர்டிஸுக்கு அவ்வளவு வலித்தது.

ஜனவரியில் இரண்டு ஆட்கள் வந்து வேலி நெடுகப் பச்சைத் துணியைக் கட்டிவிட்டுப் போனார்கள். தங்குகிறவர்களின் கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டுமாம். ஆள் உயரத்துக்கும் மேலே, அடர்த்தியான துணி. அந்தப் பக்கம் லவோன் இருக்கிறாளா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. அன்று நாலு மணிக்கு ஆர்டிஸ் வழக்கம்போல மேசையைப் போட்டு உட்கார்ந்தாள், பச்சைத் துணியைப் பார்த்தபடி.

துணிக்குள்ளிருந்து ஒரு கத்தரிக்கோலின் நுனி வெளியே வந்தது. சரக் சரக்கென்று நாலு பக்கமும் வெட்டியது. சீட்டு அகலத்துக்கு ஒரு ஜன்னல் திறந்தது. அதில் லவோனின் ஒரு கண் தெரிந்தது.

"சீட்டப் போடு" என்றது அந்தக் கண்.

மறுநாள் லவோனின் கதவில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. ஜன்னலை மூடிப் புதுத் துணி தைத்திருந்தார்கள். அவள் அதையும் வெட்டினாள். அடுத்த நாளும் தைத்தார்கள், இன்னொரு தடவை வெட்டினால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றும் எழுதி ஒட்டினார்கள். அன்று சாயங்காலம் கத்தரிக்கோல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அதற்குப் பிறகு வடகாற்று இறங்கியது. கடல் சாம்பல் நிறமாகி, கெர்ட்டி கிடுகிடுவென்று ஆடியது. ஐஸ்பெட்டி ஓடும்போதெல்லாம் ஹீட்டர் சோர்ந்துபோனது. போர்வைக்குள் கிடந்த ஆர்டிஸ் வாழ்க்கையில் முதல்முறையாகக் கெர்ட்டியை ரிசார்ட்காரர்களின் கண்ணால் பார்த்தாள். பழசுதான். தானும் பழசுதான். லவோனும் கடைசியில் காசுக்கு மரியாதை கொடுத்துவிட்டாள் என்று நினைத்தாள். அழுகை வந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள்.

காலையில் சூய் கதவைத் தட்டினான். "நெடுஞ்சாலைப் பக்கம் போறதா இருந்தா போங்கம்மா. மிச்சக் காசத் தந்துடறேன். இங்க கெடந்து ஏன் கஷ்டப்படுறீங்க?"

"நான் போனா அந்த ரிசார்ட் வாசல் புள்ள ஜெயிச்ச மாதிரி" என்றாள் ஆர்டிஸ். "முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ நான். பின்னாடி அறுபது பசங்க கத்துறப்பவே எறங்கி ஓடல. இதுக்கா ஓடுவேன்? நீ போய் இறாலப் பாரு."

அவன் படியை விட்டு இறங்கவில்லை. கடைப் பக்கமிருந்து ஒரு உறுமல் சத்தம் கேட்டது. சிப்பி ஓடுகள் நொறுங்க, பஸ் நீளத்துக்கு ஒரு வண்டி மூலையைச் சுற்றி உள்ளே திரும்பியது. ஜன்னலை இறக்கி லவோன் தலையை நீட்டினாள். முகத்தில் இஞ்சி தின்ற கடுப்பு.

"மார்ச் வரைக்கும் வாடகை கட்டியிருந்தேன்" என்றாள். "திருப்பிக் குடுன்னேன். ரூல் இல்லைங்கிறா அந்த வாசல் புள்ள. சரி நீயே வச்சுக்கோ, துணி வாங்க ஆகும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அங்க ஐம்பது ஆம்ப். இங்க முப்பதுதான்" என்றாள் ஆர்டிஸ். "உன் அடுப்பு எரியாது."

"அந்தப் பொய் நெருப்ப யாரு பாத்தா. ரெண்டு நாளா ஒருத்திகூட என்கிட்ட சண்டை போடல. எல்லாரும் வெந்நீர்க் குளத்துல மெதந்துக்கிட்டு, நல்லாருக்கு நல்லாருக்குன்னுதான் சொல்றாளுக. மாசம் ஆயிரத்து நூறு டாலர் குடுத்து எவ அதக் கேட்டுட்டிருப்பா? தள்ளி நில்லுடி, வண்டிய உள்ள விடணும்."

ஆர்டிஸ் தள்ளி நிற்கவில்லை. வண்டிக்கு நேர் முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடத் தெருவில் கார்களை நிறுத்துவதுபோல ஒரு கையை உயர்த்தினாள். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று குரலை ஏற்றினாள்.

"வண்டிக்கு என்ன வயசு மேடம்?"

லவோன் முழித்தாள். "மூணு. உனக்குத் தெரியாதா?"

"சாரி மேடம். பத்து வயசுக்குக் கீழ இருக்கிற வண்டிய இங்க விடுறதில்ல. பாத்தா புதுசுன்னு தெரியுது. தங்கியிருக்கிறவங்க கண்ணுக்கு நல்லாருக்காது."

சூய் வாயைப் பொத்திக்கொண்டான். லவோன் இன்ஜினை அணைத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு ஆர்டிஸை மேலும் கீழும் பார்த்தாள். சிரிக்கவே இல்லை.

"ஓட்டுறவளுக்கு எழுபத்தி மூணு" என்றாள். "அதக் கணக்குல எடுத்துக்கிட்டு விடு."