மேல்கரை ததும்பும்போது

1

வாசகர் பொறுத்தருள வேண்டும். இதுவே நான் எழுதும் முதல் கதை. நெய்யாற்றின்கரையில் பத்திர நகலெழுத்தராக இருந்த நாட்களில் படியெடுத்த ஓர் ஒப்பந்தத்தில் இருந்து இது பிறந்தது. அதில் ஒரு நிபந்தனை: ‘மேல்கரை ததும்பும்போது கீழ்வயல்காரர் தம் வரம்பை வெட்டி வெள்ளத்தைத் தம் வயலில் ஏற்க வேண்டும், மேல்வயல்காரர் மறுநடவுக்கு நாற்று தர வேண்டும்.’ நிலத்தின் சரிவு வாசகத்தைச் சொல்ல, மனிதர்கள் ஒப்பமிட்டிருந்தார்கள். (இப்போதைய பத்திரங்களில் அளவுகள் உண்டு, எல்லைகள் உண்டு, மழைதான் பெய்வதில்லை. அந்தப் பழைய தாள்களுக்காக ஏங்குவது குற்றமானால் மன்னிக்கவும்.)

2

1956 அக்டோபர். பாறசாலைக்குத் தெற்கே பெருமழை கொட்டிக்கொண்டி—

இல்லை, இது வானிலை அறிக்கை போலிருக்கிறது.

ரத்னபாயிலிருந்து தொடங்குகிறேன். நட்டு நான்கே நாளான கீழ்வயல் அவருடையது. ஓடைக்கு மேலே கிருஷ்ணன்குட்டிப் பிள்ளையின் வயல். ஒப்பந்தம் இருவருடைய தகப்பனார்களும் செய்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினைப்படி இன்னும் பதினாறு நாளில் மேல்வயல் கேரளம், கீழ்வயல் மதராஸ் மாநிலம். எல்லைப் போராட்டத்தில் இருவரும் எதிரெதிர் ஊர்வலங்களில் நடந்தவர்கள்; இரண்டாண்டாகப் பேச்சில்லை.

ஓடையின் மேல்கரை உடைந்தால் கிருஷ்ணன்குட்டியின் வயலை மணல் மூடும். ஓடையும் திசைமாறும், கோடையில் ரத்னபாய்க்குச் சொட்டுத் தண்ணீர் வராது. வரம்பை வெட்டினாலோ, நட்டது அத்தனையும் போகும்.

(கதையின் முதல் படியில் ரத்னபாயை அழவைத்திருந்தேன். அவர் அழுகிறவர் அல்லர் என்று பிறகுதான் தெரிந்தது.)

3

“ரத்னபாயே, வரம்பை ஒண்ணு வெட்டணே! கரை இப்பம் போவும்!”

மழைக்கு மேலே கேட்ட குரல் கிருஷ்ணன்குட்டியுடையது. ரத்னபாய் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“வெட்டலாம் பிள்ளே. நாத்து ஆரு தருவா?”

“நான் தருவேன். இருவது நாளில நாத்து ரெடியாவும்.”

“இருவது நாளில நீரு வேற ராஜ்யமாக்கும்.”

“ராஜ்யம் மாறினா நாத்து முளைக்காதோ?”

“முளைக்கும். இஞ்ச வருமாண்ணுதான் கேக்குதேன்.”

“தலையில சுமந்துட்டு வாறேன், போருமா?”

“போன வாரம் உதியன்குளங்கரை சந்தையில என்னக் கண்டிட்டுத் திருப்பினீரே, அந்தத் தலையிலயா?”

கிருஷ்ணன்குட்டியின் குரல் தாழ்ந்தது. “அது... கூட ஆளுக உண்டாயிருந்து.”

“நாத்து கொண்டு வரும்பமும் ஆளுக உண்டாவும் பிள்ளே.”

[இங்கே கிருஷ்ணன்குட்டிக்கு ஒரு நல்ல பதில் எழுத மூன்று நாள் முயன்றேன். அவர் அதற்குள் கரைக்கு மண் அள்ளிப் போடத் திரும்பிவிட்டார்.]

4

ரத்னபாய் வெட்டினார். என்னால் தடுக்க இயலவில்லை. இளநாற்றுகளைச் செம்மண் வெள்ளம் மூடியது, மேல்கரை நின்றது.

இனி முடிவுகள். ஒன்று: கிருஷ்ணன்குட்டி வரவில்லை. (அடித்துவிட்டேன். அவரைக் கோழையாக்க எனக்கென்ன உரிமை?) இரண்டு: அவர் வந்தார், இருவரும் சேர்ந்து... (இதையும் அடித்தேன். இது என் ஆசை மட்டுமே.)

உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். நவம்பர் முதல் வாரம். தலையில் நாற்றுமுடிகளோடு கிருஷ்ணன்குட்டி ஓடைக்கரை வரை வந்துவிட்டார். அவரோடு ஊர்வலம் போன ஆட்கள் அங்கே கூடி நிற்கிறார்கள். கேலி செய்யலாம், மறிக்கலாம், ஒதுங்கி வழிவிடலாம். கீழே ரத்னபாய் சேற்றில் இறங்கிக் காத்திருக்கிறார்.

அன்புகூர்ந்து மன்னியுங்கள், தங்களைக் கேளாமலே தங்களை அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் நிறுத்திவிட்டேன். கிருஷ்ணன்குட்டி தங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்.