வார்னிஷ் பூசிய வாக்குத்தத்தம்

ஹாலில் தூசி அதிகம், எல்லாரும் படத்துக்கு ஒரு கோட் வார்னிஷ் அடித்துக் கொண்டுவாருங்கள் என்று ஷ்யாம்சுந்தர் வாட்ஸ்அப்பில் போட்டதை டெபோரா கேட்டிருக்கவே கூடாது. இருபது வருஷமாக இந்தப் பக்கத்தில் ஓவியக் கண்காட்சி நடத்துகிற மனிதர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி சனிக்கிழமையே அடித்துவிட்டாள். ஞாயிறு காலை அதைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி, ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருப்போர் சங்க ஹாலுக்குக் கொண்டுவந்தாள். சுவரில் மாட்டிவிட்டு நாலடி பின்னால் போய்ப் பார்த்தாள். படத்தின் வலது கீழ் மூலையில், யார் கண்ணிலும் படக் கூடாத கையெழுத்து ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

டெபோரா பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். ஊரார் பிள்ளைகள் வரைந்த மயிலுக்கும் மாம்பழத்துக்கும் பதினெட்டு வருஷம் மார்க் போட்டுவிட்டு, நாற்பத்தாறு வயதில் முதல்முறையாகத் தன் படத்தைப் பிறர் பார்க்க மாட்டுகிறாள். வெறும் வண்ணம் மட்டும் இல்லை. காகிதம், துணி, பிளாஸ்டிக், கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டிச் செய்தது. பெயர் ‘அந்தந்த வருஷம்’.

விஷயம் இதுதான். அவர்கள் சபையில் வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். கண்ணை மூடி ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். வருகிற வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. அதை பைபிளுக்குள் வைப்பார்கள், பீரோவில் ஒட்டுவார்கள், அடுத்த வருஷம் மறந்துபோவார்கள். டெபோரா மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒன்றையும் தூர எறியவில்லை. அட்டைகளை வரிசையாகப் பலகையில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் அந்த வருஷம் உண்மையில் என்ன கொண்டுவந்ததோ அதை ஒட்டினாள். செழிப்பு என்று வந்த வருஷத்துக்குக் கீழே, முடிச்சூர் வெள்ளத்தில் ஊறிப்போன பாடப்புத்தகத்தின் ஒரு பக்கம். சமாதானம் என்று வந்த வருஷத்துக்குக் கீழே மாத்திரை அட்டைகள். சபையில் நாலு பேர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். சுளிக்கட்டும் என்றுதான் மாட்டினாள்.

ஆனால் 2023ஆம் வருஷத்து அட்டை அவளுடையது இல்லை. அவள் அக்கா ஹில்டா வீட்டுடையது. ஓரத்தில் நீலப் பேனாவில் ‘ஜெர்சன் - ஹில்டா’ என்று எழுதியிருக்கும். ஜெர்சன் அத்தான் குடையிலும் எழுதுவார், டிபன் பாக்ஸிலும் எழுதுவார், ஆண்டவர் கொடுத்த அட்டையையும் விடவில்லை. நீண்ட ஆயுசைப் பற்றிய வசனம் அது. ஜனவரியில் எடுத்தார்கள். ஆகஸ்டில், தாலுகா ஆபீஸில் மேசையின் மேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்துமூன்று வயது.

அடக்கத்தன்று பெட்டியை மூடப் போகிற நேரத்தில் ஹில்டா அந்த அட்டையைத் தங்கையின் கையில் திணித்தாள். அத்தான் கையில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். டெபோரா ஆண்களை விலக்கிக்கொண்டு பெட்டி வரைக்கும் போனாள். ஆனால் அந்தக் கையைத் தொட முடியவில்லை. பயம், வேறொன்றும் இல்லை. யாரோ மூடியைத் தூக்கினார்கள், அவள் அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். “வெச்சியா?” என்று அக்கா கேட்டபோது “வெச்சேன்” என்றாள். ஒரே ஒரு சொல். இரண்டு வருஷமாக அது தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டிருக்கிறது.

எறியவும் மனசில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. கடைசியில் படத்துக்குள்ளேயே புதைத்துவிடலாம் என்று தோன்றியது. அட்டையை ஒட்டி, மேலே பசையில் நனைத்த வெள்ளை டிஷ்யூ காகிதத்தை மூன்று மடிப்பாகப் போர்த்தினாள். வீட்டில் பார்த்தபோது வெள்ளைத் துணி போர்த்திய மாதிரி இருந்தது, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. வார்னிஷ் பட்டுக் காய்ந்தால் டிஷ்யூ காகிதம் கண்ணாடியாகிவிடும் என்று, பதினெட்டு வருஷம் டிராயிங் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தெரியாமல் போனதுதான் கூத்து.

மணி பன்னிரண்டு. நாலு மணிக்குத் திறப்பு. சபையின் பெண்கள் ஐக்கியத்தார் பத்துப் பேர் வருகிறார்கள், ஹில்டாவும் கூட. டெபோரா ஷ்யாம்சுந்தரைத் தேடிப் போய், பெரிய படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பட்டியல் அச்சாகிவிட்டது, வாசலில் வைத்த பேனரில் இருப்பதே அந்தப் படம்தான், முதல் கண்காட்சியில் எல்லாருக்கும் இப்படித்தான் உதறும், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றார். சரி, இடத்தையாவது மாற்றுங்கள் என்றாள். மாற்றினார்கள். புதிய இடத்தில் ஜன்னல் வெளிச்சம் நேரே அந்த மூலையில் விழுந்தது. திரும்பப் பழைய இடத்துக்கே மாற்றச் சொன்னாள். ஆணி அடித்தவர் சுத்தியலைக் கீழே வைத்த விதமே பேசியது.

பூச்சாடியை முன்னால் நகர்த்திப் பார்த்தாள். உயரம் பத்தவில்லை. பட்டியலைச் செருகிப் பார்த்தாள், மின்விசிறிக் காற்றில் பறந்தது. வெள்ளைப் பெயின்ட் வாங்கி ஒரு தீற்று தீற்றினால் தீர்ந்தது என்று வெயிலில் இறங்கி ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்தக் கடை திறந்திருக்கும்? ஜங்ஷன் வரைக்கும் போய், வேளச்சேரி சாலையில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து எதிர்ப்பக்கம் போய், கடைசியில் ஒரு ஜெராக்ஸ் கடை பாதி ஷட்டரோடு திறந்திருந்தது. பெயின்ட் இல்லையாம். எழுத்துப் பிழையை அழிக்கிற வொயிட்னர் பேனா இருந்தது. அதையே வாங்கிக்கொண்டாள். என்ன பொருத்தம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை.

திரும்பி வரும்போது வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தாள். பெட்டியில் வைத்தது நிஜ அட்டைதான், இது அத்தான் முன்னாலேயே எடுத்துக் கொடுத்த கலர் ஜெராக்ஸ். நல்ல பொய். ஜெராக்ஸ் கடையில் நின்றபோது தோன்றிய பொய்.

ஹாலில் யாரும் இல்லை. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். படத்தின் முன் குனிந்து வொயிட்னர் பேனாவின் மூடியைக் கழற்றி, அத்தானின் பெயரில் முதல் எழுத்துக்கு நேரே கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றுவிட்டது. செத்துப்போன மனிதரை இன்னொரு தடவை அழிப்பதா என்று மனசு அடித்துக்கொண்டது.

“சாப்பிட்டியா?”

பின்னால் ஹில்டா. சர்ச்சுக்குக் கட்டின அதே வெளிர் நீலப் புடவை, கையில் டிபன் கேரியர். இன்றைக்கு நீ எங்கே சாப்பிட்டிருக்கப் போகிறாய் என்று எலுமிச்சைச் சாதமும் முட்டையும் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டாள். அக்கா எப்போதும் இப்படித்தான். அத்தான் போன இரண்டாம் ஞாயிறே பாடகர் குழுவில் வந்து நின்றவள். ஹில்டா சகோதரியின் விசுவாசத்தைப் பாருங்கள் என்று பாஸ்டர் மேடையிலிருந்தே சொன்னார். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு முணுமுணுப்பு கிடையாது, ஒரு சொட்டுக் கண்ணீரை யாரும் பார்த்தது கிடையாது.

டெபோரா உடம்பால் மூலையை மறைத்துக்கொண்டு நின்றாள். எத்தனை நேரம் நிற்க முடியும்? ஹில்டா மேலிருந்து ஒவ்வொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெள்ளத்துப் பாடப்புத்தகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு தங்கையின் தோளைப் பிடித்து லேசாக விலக்கினாள்.

“இது அவரு எழுத்து.”

“ஆமாக்கா.”

“நீ வெச்சேன்னு சொன்னியே.”

கலர் ஜெராக்ஸ் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“வைக்கலக்கா. அத்தான் கையைத் தொட பயமா இருந்துச்சு. பேக்ல போட்டுக்கிட்டேன்.”

திட்டுவாள், அறைவாள், டிபனை வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று மூன்றுக்கும் டெபோரா தயாராக இருந்தாள். ஹில்டா பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப வெறுங்கையோடவா போனாரு?”

டெபோராவுக்குப் புரியவில்லை. ஞாபகத்துக்காகக் கொடுத்த அட்டை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

“நான் எதுக்குக் குடுத்தேன்னு நெனச்ச? போய் ஆண்டவர்கிட்ட காட்டிக் கேளுங்கன்னு குடுத்தேன். நீண்ட ஆயுசுன்னு எழுதிக் குடுத்துட்டு எட்டே மாசத்துல கூப்பிட்டா என்ன அர்த்தம்னு கேக்கட்டும்னு. உங்க அத்தான் ஆபீஸ்ல பேப்பர் இல்லாம ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பேப்பர் கையில இருந்தா யாரையும் விட மாட்டாரு. அவரு அங்க கேட்டுக்கிட்டிருக்காருன்னுதான் நான் இங்க வாயை மூடிக்கிட்டு இருந்தேன் டெபோரா.”

ஊரே விசுவாசம் என்று மெச்சியது இதைத்தான். அக்கா வழக்கை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருந்திருக்கிறாள். அந்த ஒற்றைக் காகிதத்தை இவள் கைப்பையில் போட்டு பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். டெபோராவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

“பிளேடு இருக்குக்கா. வெட்டி எடுத்துத் தந்துடறேன். படம் போனா போகட்டும்.”

“எடுத்து? குழியைத் தோண்டியா வைக்கப் போற?”

அதற்குமேல் டெபோராவால் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதாள். ஹில்டாவும் அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை, சத்தமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு, புடவைத் தலைப்பு நனைகிற அழுகை. சாப்பிட்டுவிட்டு வந்த ஷ்யாம்சுந்தர் வாசலோடு திரும்பிப் போய்விட்டார். சாதம் ஆறிப்போனது. அக்கா தங்கை இருவரும் எத்தனை நேரம் அப்படியே இருந்தார்களோ, வெளியே வேன் வந்து நின்றது.

ஐக்கியத்தார் சலசலவென்று உள்ளே நுழைந்தார்கள். முன்னால் தலைவி யூனிஸ். ஹில்டா அழுது யாரும் பார்த்ததில்லை. பார்த்ததும் என்ன ஏது என்று கேட்கவில்லை. இது அவர்களுக்குப் பழகின வேலை. சுற்றிலும் நின்று, ஆளுக்கொரு கையை அவள் தோளில் வைத்து, கண்ணை மூடினார்கள். எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம் என்று யூனிஸ் ஜெபத்தைத் தொடங்கினாள்.

“யூனிஸ், நிறுத்து” என்றாள் ஹில்டா. “இன்னிக்கு நானே பேசிக்கறேன்.”

எழுந்து நின்றாள். முகத்தைத் துடைக்கவில்லை, கண்ணை மூடவில்லை, முக்காடு போடவில்லை.

“ஆண்டவரே, என் புருஷன் அட்டையோட வரல. அதனால நான் கேக்கிறேன். நீண்ட ஆயுசுன்னு நீர்தானே குடுத்தீர்? எட்டு மாசத்துல ஏன் எடுத்தீர்? ரெண்டு வருஷமா உமக்குப் பாட்டுப் பாடிட்டேன். இனிமே பதில் வர்ற வரைக்கும் பாட மாட்டேன்.”

அவ்வளவுதான் ஜெபம். மற்ற நாளில் முந்திக்கொண்டு ஆமென் சொல்கிற அத்தனை பேரும் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்த டெபோராதான் ஆமென் சொன்னாள்.