கா மட்டும் வரவில்லை

வண்டியிலிருந்து தன் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள் அக்காக்காரி. சரி, எடுக்கலாம். ஆனால் பெயிண்டில் ஒரு கீறல்கூட விழக் கூடாதாம், ஆர்.சி. இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறதாம். அந்தப் பெயர் போகும்வரை தங்கை வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டாளாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் யாரால் என்ன செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குத் தங்கைக்காரி காரின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அப்பா அம்மா நாலு மணிக்கு முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். பெரியம்மா வராவிட்டால் அவர்கள் முன்னால் வந்து உட்காரவே மாட்டேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெரியம்மா வர வேண்டுமானால், டிக்கியில் பளபளவென்று ஒட்டியிருக்கும் ‘அக்கா தங்கை’யில் முதல் மூன்று எழுத்தும் போயாக வேண்டும்.

அதுதான் அவர்கள் கடையின் பெயர். வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டிக் கொடுக்கும் தொழில், எட்டு வருடம் ஓடியது. போன மாதம் ஒரு வீட்டில் பதினெட்டு ஜன்னலுக்கும் மாட்டிவிட்டுப் பார்த்தால் பதினெட்டும் ஒரு சாண் குட்டை. யார் அளவெடுத்தது என்று அந்த வீட்டம்மா இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். அக்காதாங்க என்று தங்கைக்காரி சட்டென்று சொல்லிவிட்டாள். பக்கத்திலேயே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா அதை மடக்கி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மறுநாள் கடையைப் பிரித்துக்கொள்ளலாம் என்றாள். அளவு நோட்டில் இருந்தது அவள் கையெழுத்துதானே, நான் சொன்னதில் என்ன தப்பு என்று தங்கைக்காரி அன்றிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வருகிறாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் தன் பெயரில்தான் கைவைத்தாள். கீறல் விழுந்தால் தன் பக்கமே விழட்டும். தலைமுடி உலர்த்தும் மெஷினை வைத்து எழுத்தைச் சூடாக்கினாள். திரைச்சீலை தைக்கிற நைலான் நூலை எழுத்துக்குப் பின்னால் விட்டு, ரம்பம் போல இப்படியும் அப்படியும் இழுத்தாள். ‘கை’, ‘ங்’, ‘த’ மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்டன. மிச்சமிருந்த பசையைக் கட்டை விரலால் உருட்டி எடுத்து, எண்ணெய் தொட்டு மெல்லிய துணியால் துடைத்தாள். ஒரு கீறல் இல்லை. அதே தைரியத்தில் ‘அ’வையும் ‘க்’கையும் எடுத்தாள்.

‘கா’ மட்டும் வரவில்லை.

கை சுடுகிற அளவுக்குச் சூடு காட்டினாள். நூல் நாலு தடவை அறுந்தது. பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றை இடுக்கில் விட்டாள், அது இரண்டாகப் பிளந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று, நகம் உடைந்தது, மணி இரண்டும் ஆயிற்று. எதிர்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, என்னங்க உங்க வண்டி ‘கா’ன்னு கத்துது, விருந்தாளி வராங்களா என்று வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார். வரத்தான் வருகிறார்கள், உனக்கென்னய்யா வந்தது என்று கேட்கவிருந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆத்திரத்தில் உள்ளே போய்க் காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்தபோது மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

இருவருமாக வண்டியைத் தெருமுனையில் கார் கழுவும் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், உதட்டைப் பிதுக்கினார். மற்ற எழுத்தெல்லாம் டேப்பில் ஒட்டியது, இது மட்டும் உடனே ஒட்டுகிற பசை, கல் மாதிரி இறுகிவிட்டது என்றார். இழுத்தால் பெயிண்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வருமாம்.

“யாரும்மா இந்த வேலையப் பண்ண புண்ணியவான்?”

“எங்க அக்காதான்” என்றாள் தங்கைக்காரி. யோசிக்கவே இல்லை, அதுவாக வந்தது.

மகள் திரும்பிப் பார்த்தாள்.

“நீதானம்மா ஒட்டுன. எழுத்து விழுந்த அன்னிக்கு, டேப் வாங்கிட்டு வரேன், பொறுடின்னு பெரியம்மா சொன்னாங்க. நீ கேக்கல. ஒட்டுறப்ப அதப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான்.”

கடைக்காரர் குழாயை மூடப் போவதுபோல நழுவிவிட்டார். மகள் விடவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அந்த வீட்டு ஜன்னல் அளவையும் நீதான் எடுத்தியா?”

நோட்டு, கையெழுத்து எல்லாம் தங்கைக்காரியின் தொண்டை வரைக்கும் வந்தன. அதற்குமேல் வரவில்லை. அவளுக்குத் தெரியாததா? அவர்களுடைய அளவு டேப்பின் முனை எப்போதோ கிழிந்துபோனது. அதனால் பத்தாவது இஞ்சிலிருந்து பிடித்து அவள் எண்ணைச் சொல்வாள், அக்கா பத்தைக் கழித்து எழுதுவாள். எட்டு வருடப் பழக்கம். அன்றைக்கு என்ன கெட்ட நேரமோ, அவளே பத்தைக் கழித்துவிட்டுச் சொன்னாள். அக்கா வழக்கம்போல இன்னொரு பத்தைக் கழித்தாள். குட்டையான திரையைப் பார்த்த அந்த நிமிடமே அவளுக்கு இது விளங்கிவிட்டது. விளங்கிய பிறகுதான் அக்காதாங்க என்று சொன்னாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

போனை எடுத்தாள். அக்கா எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். தானே கழித்தது, அதைச் சொல்லாமல் விட்டது, பழியைத் தூக்கி அக்கா தலையில் போட்டது, எல்லாவற்றையும்.

“இத எங்கிட்ட சொல்லி என்னடி ஆகப்போகுது?” என்றாள் அக்கா. “எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியாதது அந்த வீட்டம்மாவுக்குத்தான். அங்க போய்ச் சொல்லு. சொல்லிட்டுக் கூப்பிடு.”

போன் வைக்கப்பட்டது. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அந்த வீடோ ஊரின் மறு கோடியில். போயும் போயும் இந்தக் கோலத்து வண்டியிலா அந்த வாசலில் போய் நிற்பது என்று தலையில் அடித்துக்கொண்டு, மகளை ஏறச் சொன்னாள்.