கார்த்திகையின் கடைசி முகூர்த்தம்

வாடகைக்கு வருகிறவர்கள் என்ன இனம் என்று வீட்டுக்காரர் கேட்பதற்குள் தானே சொல்லிவிடுவது துளசியின் வழக்கம். கேட்க வைத்தால் அவர்களுக்கும் கூச்சம், இவளுக்கும் கூச்சம். அன்று காலை தீவின் ஜெலுத்தோங் சந்தைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு ஒரு வீட்டுக்காரம்மாளிடம் கைப்பேசியில் பேசியபோதும் அப்படித்தான் சொன்னாள். இந்தியக் குடும்பம், மூன்று பேர்தான், கணவர் கார்ப் பட்டறையில் வேலை, மனைவி பள்ளிக்கூடக் கேண்டீனில், ஒரே பெண், படிக்கிறாள். குடிப்பழக்கம் கிடையாது, வாடகை தவறியதில்லை என்று கடைசியில் சேர்த்துக்கொண்டாள். சீனக் குடும்பத்துக்கு வீடு கேட்கும்போது இந்த இரண்டையும் அவள் சொல்வதில்லை. யாரும் கேட்பதுமில்லை. மறுமுனையில் அந்தம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டை மகனே எடுத்துக்கொள்ளப்போகிறான், மன்னிக்கணும் ஜூலி, என்றார். பேச்சு தொடங்கியபோது மகன் என்று ஒருவன் இருக்கவில்லை. வீட்டுக்காரர்களுக்கு அவள் ஜூலி. விளம்பரப் பலகையிலும் அந்தப் பெயர்தான். நன்றி மேடம் என்று சொல்லி வைத்துவிட்டு, சந்தையிலிருந்து கூடையோடு வெளியே வருகிறவர்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலைபார்த்த வீட்டு முகவர் நிறுவனம் ஆண்டுக் கடைசியில் இரண்டு பக்க அறிக்கை ஒன்றை அச்சிட்டு வட்டாரத்தின் தபால்பெட்டிகளில் போடும். எந்தப் பகுதியில் விலை ஏறியது, எங்கே வாடகை நகரவில்லை, வரும் ஆண்டு எப்படி இருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுதுகிறவள் துளசி. ஜெலுத்தோங்கின் பழைய வரிசை வீடுகளை விற்க நினைப்பவர்களுக்கு இது நல்ல காலம் என்று போன ஆண்டு எழுதியிருந்தாள். அந்த வரிசை வீடுகளில் ஒன்றில்தான், இப்போது அவள் வீடு தேடிக்கொண்டிருந்த தங்கராஜு குடும்பம் பதினோரு ஆண்டாகக் குடியிருந்தது. வீட்டுக்காரருக்கு வரும் தபால்களைச் சேர்த்துவைத்து, அவர் வரும்போது கையில் கொடுப்பது தங்கராஜுவின் வழக்கம். அந்த அறிக்கையையும் மடிப்புக் கலையாமல் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தார். வீடு ஆறே வாரத்தில் விலை போனது. விற்றுக்கொடுத்தவள் துளசி. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் காலி செய்யவேண்டும் என்று அவர்களிடம் சொல்லப் போனவளும் அவள்தான். போன இடத்தில், "நானே வேற வீடு பாத்துத் தரேன் அண்ணே" என்று வாய் தவறியதுபோலச் சொல்லிவிட்டு வந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஆயர் ஈத்தாமில் மேடம் தியோவின் அடுக்குமாடி வீடு அகப்பட்டது நவம்பர் கடைசியில். நான்காவது மாடி, சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை. மேடம் தியோ ஓய்வுபெற்ற ஆசிரியை. வீடு அவருடைய அம்மாவுடையது. அந்தம்மாள் இறந்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. கூடத்தில் சிவப்பு மரப் பூஜை மாடம் ஒன்றும், அதன்மேல் அந்தம்மாளின் சட்டமிட்ட படமும் ஊதுபத்திச் சாம்பல் கிண்ணமும் அப்படியே இருந்தன. அவர்கள் வருவதற்குள் இதை எடுத்துக்கொள்வேன் என்று சொன்னார் மேடம். இந்தியக் குடும்பம் என்று கேட்டதும் அவரும் தயங்கத்தான் செய்தார். ஆனால் மறுநாள் அவரே அழைத்தார். "உன்னை நம்பித் தருகிறேன் ஜூலி. அந்தப் பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாறவேண்டாம் பாரு." முன்பணத்தைச் சிறிதாக வாங்கிக்கொண்டார். ஒப்பந்தக் கையெழுத்து டிசம்பர் இருபதாம் தேதி, குடிபுகுவது ஜனவரி ஒன்று என்று முடிவானது.

செய்தி சொல்லப் போன மாலையில் தங்கராஜு வாசலில் மோட்டார்சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா தங்கச்சி. வீட்ட வித்தாச்சு. இப்ப எங்கள வாங்க ஆள் கெடச்சிருச்சா?"

"வாங்க ஆள் இல்லண்ணே, அதான் வீடு பாத்துட்டு வந்துட்டேன்" என்றாள்.

உள்ளேயிருந்து அவர் மனைவி ஜெயலெட்சுமி சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. துளசி வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவள் மலைப் பக்கத்து ஜன்னலைப் பற்றித் திரும்பவும் சொல்லச் சொன்னாள். மகள் ரூபினி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "ஸ்கூலுக்கு பஸ் ஒண்ணுதானேக்கா?" என்று கேட்டாள். ஒரே பஸ்தான் என்றதும் மீண்டும் குனிந்துகொண்டாள். தேதியைச் சொன்னபோதுதான் ஜெயலெட்சுமியின் முகம் மாறியது.

"ஜனவரி ஒண்ணா? மார்கழியாச்சே அது."

"அக்கா, வேற வழியில்லக்கா. முப்பத்தொண்ணோட இங்க முடியுது."

"மார்கழில யாரு புது வீட்டுக்குப் போவாங்க? சாமான் ஏத்துறதுகூடப் பரவால்ல. முன்னாடியே பால் காய்ச்சிட்டா அப்புறம் எப்ப வேணா போய்க்கலாம். கோயில்ல ஐயர்கிட்ட கேட்டேன். கார்த்திகையில இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருக்கு, வர்ற வியாழன், விடியறதுக்கு முன்ன. ஒரு மணி நேரம் தொறந்து விடும்மா. பால் பொங்கினதும் பூட்டிட்டு வந்துருவோம்."

"இவளுக்கு வீடு பெருசில்ல, பாலுதான் பெருசு" என்றார் தங்கராஜு. ஆனால் அவரும் துளசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்தாகும் முன் சாவியை யாருக்கும் கொடுக்கக்கூடாது. இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் வாரத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. அன்றுவரை மீறியதில்லை. மேடம் தியோவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று காரில் உட்கார்ந்து எண்ணைத் தேடினாள். என்னவென்று கேட்பது? விடியற்காலையில் பால் பொங்கவிட வேண்டும், கற்பூரம் கொளுத்தவேண்டும் என்று ஆங்கிலத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் அடுப்பு, புகை, நெருப்பு என்றே வந்தது. தயங்கித் தயங்கிச் சம்மதித்தவர் அதைக் கேட்டு மறுபடியும் தயங்கிவிட்டால்? வீடு காலியாகத்தான் கிடக்கிறது. ஒரு மணி நேரம். கேட்காவிட்டால் அவருக்குத் தெரியப்போவதே இல்லை. கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை இருட்டில் நான்கு பேரும் படியேறினார்கள். லிஃப்ட் வேலைசெய்தது, ஆனால் ஜெயலெட்சுமி சாமி படத்தோடு லிஃப்டில் ஏற மாட்டேன் என்றாள். புதுப் பாத்திரம், புது அரிசி, உப்பு, மஞ்சள், சின்ன கேஸ் அடுப்பு எல்லாம் கொண்டுவந்திருந்தாள். வீட்டு அடுப்பு இருக்கும்போது இது எதற்கு என்று துளசியே வீட்டு அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தாள். பால் சுணங்காமல் பொங்கி, கிழக்குப் பக்கமாக வழிந்தது. ரூபினி கைப்பேசியில் படம் எடுத்தாள். ஜெயலெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஓர் ஓரமாக நின்று அழுதாள். தங்கராஜு அவளைப் பார்க்காததுபோல ஜன்னலைத் திறந்து மலை தெரிகிறதா என்று இருட்டுக்குள் பார்த்தார். துளசிக்கு ஒரு டம்ளர் பால் கிடைத்தது. சீனி கொஞ்சம் அதிகம். அடுக்களைச் சுவரில் சாய்ந்து அதைக் குடித்த அந்தச் சில நிமிடங்களில், கமிஷனுக்காக இல்லாமல் ஒரு வீட்டுக்குள் நிற்பது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

மேடம் தியோ வெளுத்த நீலச் சட்டையில் நின்றார். பின்னால் அவருடைய தம்பி, கையில் சிவப்புத் துணி போர்த்திய கூடை. அம்மாவின் மாடத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போக அவரும் பஞ்சாங்கம் பார்த்திருந்தார். சீனப் பஞ்சாங்கத்திலும் அந்த வியாழன்தான் நல்ல நாள், ஏழு மணிக்கு மேல் நல்ல நேரம். இது தன் வீட்டுக் காரியம், முகவரிடம் என்ன சொல்வதற்கு இருக்கிறது என்று அவரும் துளசியிடம் சொல்லவில்லை.

முதலில் அவர் கோபப்படவில்லை. அடுப்பையும் வழிந்த பாலையும் பார்த்தார். துளசி ஆங்கிலத்தில் என்னென்னவோ சொல்லத் தொடங்கினாள். தவறு என்னுடையது, இது எங்கள் வழக்கம், நல்லதற்குத்தான். அவர் தலையை அசைத்தபடி கேட்டுக்கொண்டே கூடத்தின் பக்கம் திரும்பினார். அங்கேயே நின்றுவிட்டார்.

மாடத்தின் மேலிருந்த படத்தில், கண்ணாடிக்கு மேலே, அவருடைய அம்மாவின் நெற்றியில் சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். சட்டத்தைச் சுற்றி ஒரு முழம் மல்லிகை.

துளசிக்கு அது எப்போது நடந்தது என்று தெரியவில்லை. ஜெயலெட்சுமி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். முகத்தில் பயமில்லை, சொன்னால் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கைதான். "வீட்டுப் பெரியவங்கள கும்பிடாம எப்படி அடுப்பு பத்தவைக்கிறதுன்னுதான்..." என்று தமிழில் தொடங்கி, மலாய்க்கு மாறி, "ஹொர்மாட், மேடம், ஹொர்மாட்" என்றாள். மரியாதை, மரியாதை.

மேடம் தியோ சட்டைக் கையை இழுத்துப் பிடித்துக் கண்ணாடியைத் துடைத்தார். காயாத குங்குமம் நெற்றியிலிருந்து கன்னம்வரை சிவப்பாக இழுபட்டது. இன்னும் அழுத்தித் துடைத்தார். இன்னும் பரவியது. தம்பி தங்கள் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ சொல்லி அக்காவின் கையைப் பிடித்தார். மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டை வாடகைக்கு விடப்போகிறேன் என்று நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவே இல்லை" என்றார், யாரிடமென்று இல்லாமல், மலாயில். "இன்றைக்குத்தான் சொல்லலாம் என்று வந்தேன்."

தங்கராஜு மகளின் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போனார். ஜெயலெட்சுமி மட்டும் நகரவில்லை. எதிரே தானும் தரையில் உட்கார்ந்து, தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் இரு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் மேடம் தியோ அழைத்தார். குரல் அடங்கியிருந்தது. முன்பணத்தை முழுதும் திருப்பிவிடுகிறேன் என்றார். "அவர்கள் நல்லவர்கள் என்று எனக்குத் தெரியும் ஜூலி. கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். ஆனால் அந்த வீட்டை நினைத்தால் இனி எனக்கு அந்த முகம்தான் வரும்." துளசி ஒன்றும் வற்புறுத்தவில்லை. சரி மேடம் என்றாள். அப்போது எதையாவது சொல்லியிருக்கலாமோ என்று பிறகு பல நாள் நினைத்தாள். சொல்ல என்ன இருந்தது என்றும் நினைத்தாள்.

மீதி நாட்களில் அவள் அழைத்த எண்களில் மகன்களும் மருமகள்களும் புதிது புதிதாகப் பிறந்தார்கள். தீவில் அவர்களால் கட்டக்கூடிய வாடகைக்கு ஓர் அறைகூட அமையவில்லை. கடைசியில் பாலத்துக்கு அக்கரையில், பெருநிலத்திலிருந்த புக்கிட் தெங்காவில், தங்கராஜுவின் மச்சான் வேலுவின் வீட்டுப் பின்கட்டு என்று முடிவானது. தொழிற்சாலைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த அந்தப் பகுதியை வேலு காலி செய்து கொடுத்தார். அந்த வாரத்தில்தான் நிறுவனத்தின் இந்த ஆண்டு அறிக்கையும் அச்சுக்குப் போகவேண்டியிருந்தது. வாடகைக்காரர்களின் விருப்பம் பாலத்துக்கு அக்கரையை நோக்கி நகர்ந்து வருகிறது என்று துளசி ஆங்கிலத்தில் எழுதினாள். 'விருப்பம்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'தேவை' என்று போட்டாள். பிறகு அந்த வரியையே எடுத்தாள். முதலாளி படித்துப் பார்த்து, அக்கரையைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்று சொல்லி அவரே சேர்த்துக்கொண்டார்.

முப்பத்தொன்றாம் தேதி மதியம் லோரி முன்னால் போய்விட்டது. ரூபினி அதில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். சாமி படங்களை லோரியில் ஏற்ற மனமில்லாமல் ஜெயலெட்சுமி துளசியின் காரில் வந்தாள். மடியில் துணி சுற்றிய படங்கள். கார் பாலத்தில் ஏறியது. வலப்பக்கம் கடல் வெயிலில் தகரம்போலக் கிடந்தது.

"அந்த வீட்டுக்கு யாராச்சும் வந்துட்டாங்களாம்மா?"

"இல்லக்கா. மேடம் இப்ப யாருக்கும் கொடுக்கலன்னுட்டாங்க."

"ம்." கொஞ்சதூரம் போனபின், "அடுப்ப நல்லா தொடச்சிட்டுத்தான் வந்தேன். அன்னிக்கே."

"தெரியும்க்கா."

"பிள்ளைக்கு வேற ஸ்கூலு. மார்ச்ல பெரிய பரீட்சை அவளுக்கு." அவள் படங்களைச் சற்று இறுக்கிக்கொண்டாள். "எங்க ஐயா செத்தப்பகூட அவங்க படத்துக்கு நான்தான் பொட்டு வெச்சேன். அழகா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க."

துளசியின் கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. மன்னிப்பு என்ற சொல்லை அவள் அந்த இரண்டு வாரமும் பலமுறை வாய்வரை கொண்டுவந்திருந்தாள். இப்போதும் வந்தது. ஜெயலெட்சுமி அதற்குள் ஜன்னலை இறக்கி வெளியே பார்க்கத் தொடங்கியிருந்தாள். காற்று உள்ளே அடித்தது.

இடப்பக்க ஓரத்தில், மோட்டார்சைக்கிள்களுக்கென்று ஒதுக்கிய பாதையில், தங்கராஜு போய்க்கொண்டிருந்தார். வரும் திங்களிலிருந்து அதே பாலத்தைத் தினமும் இருமுறை கடந்து ஜெலுத்தோங் பட்டறைக்குப் போய்வரவேண்டியவர். லோரியில் இடமில்லாமல் போன மேசை விசிறியைப் பின்னிருக்கையில் நிமிர்த்திவைத்து, ரப்பர்க் கயிற்றால் கட்டியிருந்தார். பெரிய வண்டிகள் கடக்கும்போதெல்லாம் மோட்டார்சைக்கிள் லேசாக ஆடியது. அவர் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் விசிறியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். மின்சாரக் கம்பி சக்கரத்தில் படாமல் அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

"மெதுவா போம்மா, அவர முந்தாத" என்றாள் ஜெயலெட்சுமி.

துளசி வேகத்தைக் குறைத்தாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். கடல் காற்றில் விசிறியின் இறக்கைகள் முதலில் தயங்கி, பிறகு தாமாகவே சுழலத் தொடங்கின. பாலத்தின் உச்சியை நெருங்க நெருங்க வேகம் கூடி, இறக்கைகள் தனித்தனியாகத் தெரியாமல் வட்டமாயின. தங்கராஜு திரும்பிப் பார்க்கவில்லை.